துருத்திப் பெட்டிக்காரருக்கு ஓர் இருக்கை

இசைக்குச் சாதியில்லை என்று மேடைதோறும் பேசுகின்றோம். ஆயினும் இசைக்கருவிகளுக்குச் சாதி வகுக்கும் வழக்கம் நம்மிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. வீணை தெய்வக் கருவி என்கின்றோம். நாகசுரம் மங்கலக் கருவி என்கின்றோம். தப்பினைத் தாழ்ந்தோர் கருவி என்று தள்ளிவைத்தோம். ஆர்மோனியத்தைக் கூத்தாடிகளின் பெட்டி என்றோம். அக்கோடியனைச் சினிமாக்காரர் சாமான் என்றோம். கருவிக்குச் சூட்டிய பெயர் கருவியோடு நின்றுவிடுவதில்லை. அது அக்கருவியை ஏந்தியவனையும் பற்றிக்கொள்கின்றது. அவனுக்கு அவையில் இருக்கை உண்டா, இல்லையா என்பதனையும் அதுவே முடிவு செய்துவிடுகின்றது.

அக்கோடியன் வாசிப்போர் வெவ்வேறு இசை மரபுகளில் எவ்வெவ்விடத்தைப் பெற்றனர் என்பதை ஆராய்ந்து, சப்பிரகமுவத் தோட்டப்புறங்களில் வாழும் நம் பிள்ளைகளுக்கு அதனால் விளையும் பயன் யாது என்று கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழ்ப் பண்டிதனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். இயலும் இசையும் நாடகமும் சேர்ந்ததே தமிழ் என்று பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிவிட்டு, இசை என்ற பகுதியை மட்டும் பிறரிடம் விட்டுவிடுதல் எங்ஙனம் பொருந்தும்?

கருவியின் பிறப்பும் இயல்பும்

நம் முன்னோர் இசைக்கருவிகளைத் தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என வகுத்தனர். அக்கோடியன் இவற்றுள் எதனைச் சாரும்? காற்றினால் ஒலிப்பது ஆதலின் துளைக்கருவியின் சுற்றத்தைச் சேர்ந்தது எனலாம். ஆயினும் இதற்குக் காற்றை ஊட்டுவது வாயன்று, துருத்தி. கொல்லன் உலைத்துருத்தியைச் சங்கச் சான்றோரே செய்யுளில் வைத்துப் பாடியிருக்கின்றனர். சதிராட்டத்திற்குச் சுருதி கூட்டத் தோற்பையாலான துத்தி என்னும் கருவியையும் தமிழர் வைத்திருந்தனர். ஆதலின் துருத்தியும் இசையும் சேர்வது நமக்குப் புதுமையன்று.

பெட்டியினுள்ளே மெல்லிய உலோக நாக்குகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். துருத்தியை இழுத்தும் அமுக்கியும் காற்றைச் செலுத்தி, கட்டையை அழுத்தினால், அதற்குரிய நாக்கு அதிர்ந்து ஒலிக்கும். நாக்கின் நீளத்தையும் பருமனையும் பொறுத்துச் சுரம் அமையும். இத்தகைய அதிரும் நாக்கினைக் கொண்ட ஷெங் என்னும் ஊதுகருவி சீன தேசத்தில் மிகப் பழங்காலந்தொட்டே வழங்குவது. ஐரோப்பாவில் இதே தத்துவத்தைக் கொண்டு 1829-ஆம் ஆண்டில் வியன்னா நகரத்துச் சிரில் டெமியன் என்பவர் அக்கோடியன் என்ற பெயரில் ஒரு பெட்டிக்கு உரிமை பதிந்தார். பாரிஸ் நகரத்து அலெக்ஸாந்தர் தெபைன் 1842-இல் ஆர்மோனியத்திற்கு உரிமை பெற்றார். காலால் மிதித்து வாசித்த அப்பெரிய கருவியைத் தரையிலமர்ந்து ஒரு கையால் துருத்தியை இயக்கி மறுகையால் வாசிக்கும் சிறு பெட்டியாக்கிப் பரப்பியவருள் முதன்மையானவர் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ். ஆகவே அக்கோடியனும் ஆர்மோனியமும் ஒரு குடும்பத்துச் சகோதரர். ஒருவர் அமர்ந்து பாடகனுக்குத் துணை செய்பவர். மற்றவர் தோளிலே தொங்கி, ஆடுவோரோடும் நடப்போரோடும் கூடவே செல்பவர். இந்த வேறுபாட்டினாலேயே இருவர் வாழ்வும் வேறுவேறாயின.

பெரியோர் சொன்ன குற்றம்

இப்பெட்டியை வெறுத்தவர்கள் சாமானியர் அல்லர். மகாகவி பாரதியார் தம் கட்டுரையில் ஆர்மோனியத்தைக் கடிந்தெழுதினார். இரவீந்திரநாத தாகூருக்கும் அது பிடிக்கவில்லை. கொழும்பிலே பிறந்து உலகப் புகழ் எய்திய கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, கிராமபோனையும் ஆர்மோனியத்தையும் நம் இசைக்கு வந்த கேடுகள் என்றே கருதினார். 1940-இல் அகில இந்திய வானொலி, தன் நிலையங்களிலிருந்து ஆர்மோனியத்தையே விலக்கிவைத்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1971-இல்தான் அத்தடை தளர்ந்தது. அவ்வழக்கு இன்றும் முற்றாகத் தீரவில்லை. 2022-இல் சீக்கியரின் அகால் தக்த் பீடம், அமிர்தசரஸ் பொற்கோயிற் கீர்த்தனத்தில் ஆர்மோனியத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பழைய நரம்புக்கருவிகளை மீட்கவேண்டும் என்று பணித்தது.

இவர்கள் சொன்ன குற்றம் யாது? நம் இராகங்களின் உயிர் கமகத்தில் உள்ளது. ஒரு சுரம் அடுத்த சுரத்தை நோக்கி அசைந்தும் வழுக்கியும் செல்லும் அந்நெளிவிலேதான் தோடி தோடியாகின்றது. உலோக நாக்கோ வைத்த இடத்திலேயே நிற்பது; அதனை வளைக்க இயலாது. மேலும் மேனாட்டார் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக வகுத்த கணக்கின்படியே அந்நாக்குகள் அமைந்தவை. நம் காதுக்குப் பழகிய நுண்ணிய சுருதிகளுக்கு அங்கே வீடில்லை.

இக்குற்றச்சாட்டு உண்மையானது. அதனை மறுப்பதற்கு நான் முன்வரவில்லை. பிடில் அந்நியக் கருவியேயாயினும், பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை வடிவேலுவும் அதனைக் கையிலெடுத்த பின்னர் நம் சபைகளில் நிலைபெற்றது. அதற்குக் காரணம், நரம்பின்மேல் விரல் வழுக்கும். வழுக்கினால் கமகம் வரும். கிளாரினெட்டும், பின்னாளில் மாண்டலின் ஸ்ரீநிவாஸ், சாக்ஸபோன் கத்ரி கோபால்நாத் ஆகியோரின் கருவிகளும் இடம் பெற்றமைக்கும் காரணம் இதுவே. பிறப்பு நோக்கி அவை விலக்கப்படவில்லை. தொழில் நோக்கி ஏற்கப்பட்டன. அக்கோடியன் கச்சேரி மேடையில் இராக ஆலாபனைக்கு முன்வரிசைக் கருவியாக வரவேண்டும் என்று நான் வாதாடவில்லை. என் வாதம் வேறு. ஓர் இசைக்குரிய அளவுகோலை எடுத்து எல்லா இசைகளையும் அளத்தல் முறையா என்பதே என் வினா.

யாழ்மூரி காட்டும் நெறி

இவ்விடத்தில் பெரியபுராணத்து நிகழ்ச்சியொன்று நினைவுகூரத் தக்கது. திருநீலகண்ட யாழ்ப்பாணர், திருஞானசம்பந்தரின் பதிகங்களை யாழிலிட்டு வாசித்து உடன் சென்றவர். தருமபுரத்தில் அவருடைய சுற்றத்தார், பிள்ளையாரின் பதிகப் பெருமை இவர் யாழினாலேயே விளங்குகின்றது என்று பெருமை பேசினர். அது கேட்டு நடுங்கிய பாணர், யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடியருளவேண்டும் எனச் சம்பந்தரை வேண்டினார். அவரும் பாடினார். பாணர் வாசிக்க முயன்றார். இசை நரம்பில் அடங்கவில்லை. உடனே அவர் தம் யாழை உடைக்க ஓங்கினார்.

பலர் இக்கதையை இங்கேயே நிறுத்திவிடுவர். கருவி குரலுக்கு ஈடாகாது என்பதே இதன் கருத்து என்பர். ஆனால் சேக்கிழார் அங்கே நிறுத்தவில்லை. சம்பந்தர் பாணரைத் தடுத்து, யாழைத் தம் கையில் வாங்கிக்கொண்டார். இறைவன் புகழ் முழுவதும் ஒரு கருவியில் அடங்குமோ என்று தேற்றி, இதனால் இயன்ற அளவு வாசிப்பீராக என்று திருப்பிக் கொடுத்தார். பாணரும் அதன்பின் யாழோடு உடனிருந்தே தம் தொண்டினைச் செய்தார்.

இதிலே மற்றொரு நுட்பமும் உண்டு. பண்டைய யாழ், ஒரு நரம்புக்கு ஒரு சுரமாகக் கட்டப்பெற்ற வில்வடிவக் கருவி என்பர். சுரம் வைத்த இடத்தில் நிற்பது. இன்றைய அக்கோடியனின் நாக்குப் போன்றதே. கமகம் செழித்த காலத்தில் யாழ் மறைந்து வீணை எழுந்தமைக்கு இதுவும் ஒரு காரணமென்று இசையறிஞர் பலர் கருதுவர். நம் ஈழநாட்டு விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து 1947-இல் யாழ் நூலை அரங்கேற்றியபோது, அக்குறைக்காக யாழை எவரும் இகழவில்லை. இழந்த செல்வம் மீண்டதென்றே போற்றினோம். நம் பழம்பெருங்கருவியிடத்துப் பொறுத்துக்கொண்ட குறையை, தோளில் தொங்கும் பெட்டியிடத்து மட்டும் பொறுக்கமாட்டோம் என்பது நடுநிலைமையாகுமா?

நாடக மேடை தந்த இடம்

கச்சேரி மேடை கதவடைத்தபோது, நாடக மேடை இப்பெட்டிக்குப் பாய் விரித்தது. 1877-இல் பம்பாயிலிருந்து பார்ஸி நாடகக் குழுவினர் கொழும்புக்கு வந்தனர். அவர்தம் வழிவந்த இந்துஸ்தானி மெட்டுகளும் ஆர்மோனியமும் சிங்கள நூர்த்தி நாடகத்திற்கு அடித்தளமாயின. 1911-இல் மருதானையில் எழுந்த டவர் மண்டபம் அந்நாடகங்களின் கோயிலாக விளங்கிற்று. சிங்கள மக்கள் ஆர்மோனியத்தைச் சர்பினாவ என்று இன்றும் தம் பெயரிட்டே அழைக்கின்றனர். பெயரிட்டு அழைத்தல் என்பது வீட்டுப்பிள்ளையாக ஏற்றுக்கொண்டமைக்கு அடையாளம்.

தமிழ் மேடையிலும் அவ்வாறே. சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களில் ஆர்மோனியக்காரர் வெறும் துணைக்கருவியாளர் அல்லர். மேடையோரத்தில் அமர்ந்து நடிகனுக்குச் சுருதி கொடுப்பவர் அவர்; பின்பாட்டுப் பாடுபவர் அவர்; நடிகன் வரி மறந்தால் எடுத்துக்கொடுப்பவரும் அவரே. கிட்டப்பா உச்சச் சுருதியில் பாடியபோது அவருடைய தமையனார் காசி ஐயரே ஆர்மோனியம் வாசித்து வந்தார். கிட்டப்பாவும் கே. பி. சுந்தராம்பாளும் இணைந்து நடித்து முதன்முதற் பெயர்பெற்றது நம் இலங்கை மேடையிலே என்பது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. யாழ்ப்பாணத்திலே நடிகமணி வி. வி. வைரமுத்து மயானகாண்டம் நடித்து ஊரையே அழவைத்தபோதும், அவ்வழுகைக்குச் சுருதி பிடித்தது இப்பெட்டிதான். அம்மேடையில் கமகம் இல்லையே என்று எவரும் குறைகூறவில்லை. விடியவிடியத் திறந்த வெளியில் பாடுகின்ற நடிகனுக்கு வேண்டியது தளராத சுருதியும், ஆயிரம் பேருக்குக் கேட்கும் ஒலியும். அவ்வேலையை அது செவ்வனே செய்தது.

திரையில் மறைந்தோர்

அக்கோடியனுக்குத் தமிழ்த் திரையிசை ஓர் இடம் கொடுத்தது. விசுவநாதன் ராமமூர்த்தி இணையர் 1952 முதல் 1965 வரை இசையமைத்த படப்பாடல்களில் அதன் ஒலி எத்தனை எத்தனை! காதலன் ஆற்றங்கரையில் துள்ளி வருவதற்கும் அக்கோடியன். நிலவைப் பார்த்து ஏங்குவதற்கும் அக்கோடியன். துருத்தியை மெல்ல இழுத்தால் பெருமூச்சுப் போலவும், வேகமாய் அசைத்தால் சிரிப்புப் போலவும் அது ஒலிப்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். அக்குழுவில் அதனை வாசித்தவர் மங்களமூர்த்தி. பம்பாய்த் திரையுலகில் கூடி சீர்வாய், எனோக் தானியேல்ஸ், கெர்ஸி லார்ட் போன்றோர் அக்கருவியில் வல்லவர்களாய் இருந்தனர். 1969-இல் வெளிவந்த ஆராதனா படத்தின் புகழ்பெற்ற இரவுப் பாடலில் ஒலிக்கும் அக்கோடியன் கெர்ஸி லார்ட் வாசித்ததே.

இவர்களை எத்தனை பேர் அறிவர்? பாடியவர் பெயர் தெரியும். எழுதியவர் பெயர் தெரியும். இசையமைத்தவர் பெயர் திரையில் பெரிதாய் வரும். வாசித்தவர் பெயரோ அக்காலத்தில் எங்கும் வருவதில்லை. இதனோடு சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை ஒப்புநோக்குக. ஆடலாசானை மட்டும் பாடிவிட்டு இளங்கோவடிகள் அமையவில்லை. தண்ணுமையாசிரியன் எத்தகையவன், குழலாசிரியன் எத்தகையவன், யாழாசிரியன் எத்தகையவன் என்று ஒவ்வொருவர் இலக்கணத்தையும் தனித்தனியே வகுத்துரைத்து, அரங்கிலே யார் யார்க்குப் பின் எது ஒலிக்கவேண்டும் என்னும் முறையையும் கூறுகின்றார். வாசிப்போரை முன்னிறுத்துவது நமக்கு அயல்நாட்டார் கற்பித்த புதுமையன்று. நாம் மறந்துபோன பழமை.

மற்றொரு வேடிக்கையையும் இங்குக் குறிப்பிடவேண்டும். அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தடுத்து, 1952-க்குப் பின் சினிமாப் பாடல்களையும் ஒதுக்கிய காலத்தில், அப்பாடல்களைக் கடல்கடந்து இந்தியா முழுவதற்கும் கொண்டு சென்றது நம் இலங்கை வானொலி. அங்கே வாசல் வழியே விரட்டப்பட்ட துருத்தியொலி, கொழும்பிலிருந்து காற்றின் வழியே மீண்டும் வீடுகளுள் புகுந்தது. நம் தோட்டங்களிலும் லயத்துக்கு ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றி ஒரு தலைமுறை கூடியிருந்து கேட்டது அவ்வொலியைத்தான்.

பிற நாட்டார் கொடுத்த இடம்

இனி உலகை ஒருமுறை வலம்வருவோம். ஜெர்மனியில் 1840-களில் ஹைன்ரிக் பாண்ட் என்பவர் பெயரால் வழங்கிய பாண்டோனியன் என்னும் துருத்திப் பெட்டி, கப்பலேறி அர்ஜென்டினா சென்றது. அங்கே துறைமுகக் குடியேறிகளின் டாங்கோ நடனத்திற்கு அதுவே உயிராயிற்று. ஆஸ்தர் பியாசோலா அதனைக் கொண்டு உலகப் பெரு மேடைகளையெல்லாம் வென்றார். கொலம்பியா நாட்டில் மாட்டுப்பண்ணைத் தொழிலாளரும் உழவரும் அக்கோடியனைத் தோளிலிட்டு ஊரூராய்ச் சென்று செய்திகளைப் பாட்டாய்ப் பாடினர். அதிலிருந்து வளர்ந்த வாயெனாத்தோ இசைக்கு 1968 முதல் வாயெதுபார் நகரில் ஆண்டுதோறும் விழா எடுத்து, வாசிப்பில் வல்லவரை அரசர் என்று முடிசூட்டுகின்றனர். 2015-இல் யுனெஸ்கோ அவ்விசையை உடனடிப் பாதுகாப்பு வேண்டும் மரபுகளின் பட்டியலிற் சேர்த்தது. பொருநரும் பாணரும் ஊர்தோறும் சென்று பாடிய நம் ஆற்றுப்படை உலகத்தை இது நமக்கு நினைவூட்டவில்லையா?

நம் இந்து சமுத்திரத்திலேயே உள்ள மடகஸ்காரில், முன்னோர் ஆவியை அழைக்கும் சடங்குகளில் அக்கோடியன் வாசிக்கின்றனர். ஐரோப்பியன் கொண்டுவந்த பெட்டியில் தங்கள் குலமுன்னோர் இறங்கி வருவதாக அவர்கள் நம்புகின்றனர். நம் தோட்டத்தில் உடுக்கும் தப்பும் ஒலிக்கச் சாமி வருவதைக் கண்டவர்க்கு இது விளங்கும்.

இவையெல்லாவற்றினும் நமக்கு மிகுதியும் பயன்படத்தக்க சான்று எகிப்து நாட்டில் உண்டு. அராபிய இசையிலும் நம் இசையிற் போலவே அரைச்சுரத்தினும் நுண்ணிய சுரங்கள் உண்டு. அக்கோடியனில் அவை இல்லை. எகிப்தியர் பெட்டியை வெறுத்து ஒதுக்கவுமில்லை. தம் இசையை அதற்காகச் சுருக்கிக்கொள்ளவுமில்லை. பெட்டியைத் திறந்து, நாக்குகளை அராவித் தமக்கு வேண்டிய சுருதிக்கு அவற்றை இணக்கிக்கொண்டனர். அசர்பைஜான் நாட்டாரும் ரஷ்யாவிலிருந்து வந்த கார்மோன் பெட்டியைத் தம் முகாம் இசைக்கேற்பத் திருத்தி வளர்த்தனர். கருவி இசையை ஆளவேண்டியதில்லை; இசையறிந்தவன் கருவியை ஆளலாம் என்பதற்கு இவை போதிய சான்று.

நம் ஊரில் நடப்பது

தெஹியோவிட்டப் பகுதியில் வாழ்வோர் அறிவர்: இங்கே றப்பர்த் தோட்டமும் தேயிலைத் தோட்டமும் சிங்களக் கிராமங்களும் வேலியின்றி அடுத்தடுத்துக் கிடப்பவை. மலையுச்சித் தோட்டங்களில் உள்ளாற்போலத் தமிழர் மட்டுமே கூடி வாழும் நிலை இங்கில்லை. ஒரே பிள்ளையின் காதில் மாரியம்மன் திருவிழாத் தப்பும், விகாரைப் பெரஹராவின் மேளமும், நத்தார்க் காலத்துக் கரோல் கீதமும், கல்யாண வீட்டுப் பைலாவும், தமிழ்த் திரைப்பாடலும் சேர்ந்தே விழுகின்றன. பைலாவோ போர்த்துக்கீசர் வழிவந்தது. இன்று எல்லோரும் தமதென்று ஆடுவது. இத்தகைய காது ஒரு குறையா, செல்வமா?

என் மாணாக்கன் ஒருவன் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் மகன். பழைய அக்கோடியன் ஒன்று எப்படியோ அவன் வீட்டிற்கு வந்து சேர்ந்தது. இரண்டு கட்டைகள் ஒலிக்கா. துருத்தியின் மடிப்பில் ஒட்டுப்போட்டிருக்கும். கற்பிப்பார் எவருமின்றிக் காதாலேயே கற்றான். தோட்டத்துப் பஜனையில் வாசித்தான். கரோல் குழுவோடு லயம் லயமாய்ச் சென்றான். பக்கத்துச் சிங்களக் கிராமத்துக் கல்யாணங்களுக்கும் அவனையே அழைத்தனர். காமன் கூத்துப் பாட்டொன்றை அவன் அதில் வாசிக்கக் கேட்ட முதியவர் ஒருவர், “இது எங்க அப்பா பாடின ராகம்டா தம்பி” என்று கண்கலங்கினார்.

மாணவர் இசைப் போட்டி ஒன்றிற்கு அவன் பெயரை எழுதி அனுப்பினேன். நம் நாட்டுப் பாடசாலைகளில் இசைப்பாடம் கர்நாடகம், கீழைத்தேயம், மேலைத்தேயம் என்று மூன்றாக வகுக்கப்பட்டிருப்பதை யாவரும் அறிவர். அங்கிருந்தோர், கர்நாடகத்திற்கு இக்கருவி ஆகாது என்றனர். கீழைத்தேயப் பிரிவில் அவன் வாசிக்கும் பாட்டுகளுக்கு இடமில்லை என்றனர். மேலைத்தேயத்திற்குச் சுரக்குறிப்பு வாசிக்கத் தெரியவேண்டும் என்றனர். மூவரும் தத்தம் விதிப்படி பேசினர். விதியில் பிழை காண இயலாது. பையனோ, “சேர், அப்ப நான் வாசிக்கிறது எந்த நாட்டுப் பாட்டு சேர்?” என்று கேட்டான்.

அவ்வினாவிற்கு விடை கூற வேண்டியவர்கள் பெரியவர்களாகிய நாமே. அவன் வாசித்தது இந்த நாட்டுப் பாட்டு. கொழுந்து கூடையோடும் பால்வாளியோடும் இரு நூற்றாண்டுகளாக இம்மலைகளில் ஏறியிறங்கிய மக்கள், தாம் கொண்டுவந்ததையும் இங்கே கேட்டதையும் சேர்த்துச் சமைத்துக்கொண்ட பாட்டு. அதற்கு இன்னும் எந்தப் பாடத்திட்டமும் பெயரிடவில்லை என்பதனால் அது இல்லாததாகிவிடாது.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

“அக்கோடியனுக்கு இடங்கொடுத்தால் தப்பின் இடம் பறிபோகாதா? நம்முடையதைக் காக்கவே வழியில்லாதபோது அந்நியப் பெட்டிக்கு ஏன் பரிந்து பேசுகின்றீர்?” என்று அன்பர் சிலர் கேட்கின்றனர். இக்கேள்வியில் நியாயம் உண்டு. காமன் கூத்தில் தப்பே தலைமை. அங்கே பெட்டி முன்வரின் கூத்து கெடும். அவ்விடத்தில் பெட்டிக்காரன் ஒதுங்கி நிற்கவேண்டும் என்பதே என் கருத்தும். ஒவ்வொரு கருவிக்கும் முன்னிற்கும் இடமும் உண்டு, பின்னிற்கும் இடமும் உண்டு. அதனையறிதலே அவையறிதல்.

ஆனால் தப்புக்காரரின் பிழைப்பைக் கெடுத்தது அக்கோடியன் அன்று. இன்று திருவிழா மேடைகளில் மின்கீபோட் ஒன்றை வைத்துப் பொத்தானை அழுத்தினால், தாளமும் ஒலிக்கின்றது, குழலும் ஒலிக்கின்றது, அக்கோடியனும் ஒலிக்கின்றது. ஒருவர் இருந்தாற் போதும், நால்வருக்கு வேலையில்லை. அவ்வியந்திரம் தப்புக்காரரையும் பெட்டிக்காரரையும் ஒருசேர வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஆகவே இவ்விருவரும் பகைவரல்லர். ஒரே துன்பத்தில் உழலும் கூட்டாளிகள். ஒருவரைக் காக்க மற்றவரை விரட்டவேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை

குறை கூறி நிறுத்துதல் ஆசிரியத் தொழிலுக்கு அழகன்று. ஆதலின் மூன்று காரியங்களைப் பணிவோடு முன்வைக்கின்றேன்.

முதலாவது, பாடசாலைகளிலும் சாகித்திய விழாக்களிலும் நடைபெறும் போட்டிகளில் மூன்று பிரிவுகளுக்குப் புறம்பாக, எக்கருவியாயினும் எவ்விசையாயினும் வாசிக்கத்தக்க ஒரு திறந்த பிரிவு அமைக்கப்படவேண்டும். அதற்குப் பணம் மிகுதியாக வேண்டியதில்லை. இன்னுமொரு மணி நேரமும் திறந்த காதும் போதும். விளையாட்டுப் போட்டி அணிநடையில் நம் பிள்ளைகள் மெலோடிக்காவை ஊதிக்கொண்டு நடக்கக் கண்டு கைதட்டுகின்றோம். அதுவும் இதே நாக்குக் குடும்பத்துக் கருவிதான். மைதானத்தில் ஏற்றதை மண்டபத்தில் மறுப்பானேன்?

இரண்டாவது, தோட்டத்து நாடகமாயினும் கோயில் மேடையாயினும், நிகழ்ச்சி நிரலிலும் அறிவிப்பிலும் வாசிப்போர் பெயரைத் தவறாது கூறவேண்டும். தப்படிப்பவர் யார், பெட்டி வாசிப்பவர் யார் என்று ஒலிபெருக்கியில் ஒருமுறை சொல்லுதற்கு அரை நிமிடம் ஆகாது. பிரதம விருந்தினரின் பட்டங்களைக் கூறுவதற்கு நாம் செலவிடும் நேரத்தில் பத்தில் ஒன்று போதும்.

மூன்றாவது, முதியோர் நினைவில் மட்டும் எஞ்சியிருக்கும் தோட்டத்துப் பாட்டுகளை இப்பிள்ளைகளைக் கொண்டே வாசிக்கச் செய்து பதிந்துவைக்க வேண்டும். காகிதத்தில் வரியை எழுதலாம். மெட்டை எழுத எல்லோராலும் இயலாது. பாட்டன் பாடப் பேரன் பெட்டியில் பிடித்துக்கொண்டால், மெட்டு இன்னும் ஐம்பது ஆண்டுகள் வாழும். கமகத்தின் நெளிவு சில அதில் விடுபடலாம். இயன்ற அளவு வாசிப்பீராக என்று சம்பந்தர் பாணருக்குச் சொன்னது நமக்கும் சொன்னதுதான்.

அடுத்த தவணையில் எங்கள் பாடசாலைக் கலைமகள் விழாவில், கரும்பலகையில் எழுதும் நிகழ்ச்சி நிரலில், பாடுவோர் பெயருக்குக் கீழே வாசிப்போர் பெயரும் இடம்பெறும். பிற பாடசாலை ஆசிரிய அன்பர்களும் தத்தம் பலகையில் அவ்வாறே எழுதுவார்களாக.